மரே ஆற்றங்கரையில் கூடாரம் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னிலிருந்து வடக்கே ஏறக்குறைய 225 கிலோமீட்டர் போனால் பார்மா தேசியப் பூங்கா வரும். மரே ஆற்றின் விக்டோரியக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையிலுள்ள மில்லேவா காட்டோடு சேர்த்துப் பார்த்தால் உலகிலேயே மிகப் பெரிய ரெட் கம் (ஆற்றோரம் வளரும் யூகலிப்டஸ் மரம்) காடு இதுதான். கடை, மின்சாரம், குழாய்த் தண்ணீர் எதுவும் இல்லாத காட்டு முகாம்கள் ஆற்றோரம் நெடுகக் கிடக்கின்றன. பிள்ளைகுட்டிகளோடு முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறோம். எதைச் செய்யப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: ஆற்றின் மட்டம், தலைக்கு மேல் இருக்கும் மரம். கீழே உள்ள பதில்களில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

எந்த மாதத்தில் போகலாம்?

முதல் பயணம் என்றால் மார்ச் கடைசியிலிருந்து மே நடு வரை. பகலில் இதமான வெயில், இரவில் போர்வைக் குளிர், கொசு குறைவு. ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் நல்ல இடங்கள் வியாழக்கிழமையே நிறைந்துவிடும்.

டிசம்பர், ஜனவரியில் வெப்பம் 40 பாகையைத் தொடும். நெருப்புத் தடையும் அப்போதுதான் கடுமையாக இருக்கும். ஜூன், ஜூலை இரவுகளில் பனி உறையும். குளிருக்குப் பயந்து கேஸ் அடுப்பையோ தணல் வாளியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வசந்த காலத்தில் (செப்டம்பர்–நவம்பர்) காடு வெள்ளத்தில் நிற்கும். அந்தக் காட்டுக்கு வெள்ளம்தான் உயிர். ஆனால் பாதைகள் மூடப்பட்டிருக்கும், கொசுவும் மேகமாகச் சூழும். 2022 அக்டோபரில் வந்ததுபோல் பெருவெள்ளமும் வரலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் இணையதளத்தில் பாதை மூடல் அறிவிப்பைப் பாருங்கள்.

மழையே இல்லை, ஆனால் கோடையில் ஆறு நிரம்பி ஓடுகிறதே, ஏன்?

மேட்டூரைத் திறந்தால் காவிரியில் தண்ணீர் வருவதுபோலத்தான். மேலே ஆல்பரிக்குப் பக்கத்தில் 1936-இல் கட்டி முடித்த ஹியூம் அணை இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே தேக்கும் தண்ணீரைக் கோடையில் பாசனத்துக்குத் திறக்கிறார்கள். அதனால் இயற்கையாக வற்றிக் கிடக்க வேண்டிய மாதங்களில்தான் மரே கரை தொட்டு ஓடும். பாசனம் முடிந்து இலையுதிர் காலம் (மார்ச்–மே) ஆனதும் மட்டம் இறங்கி மணல்திட்டுகள் வெளியே வரும்.

இதிலிருந்து தெரிய வேண்டியது ஒன்று. மேகத்தைப் பார்த்து இந்த ஆற்றைக் கணிக்க முடியாது. பார்மாவுக்கு அருகே ஆறு இயற்கையாகவே ஒடுங்கும். 'பார்மா சோக்' என்பது அந்த இடம்தான். அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 7,000 மெகாலிட்டருக்கு மேல் வந்தால் தண்ணீர் கரையேறிக் காட்டுக்குள் பரவத் தொடங்கும். மரே–டார்லிங் படுகை ஆணையத்தின் தளத்தில் அன்றாட நீரோட்ட அளவு கிடைக்கும். முகாமில் இருக்கும்போது மாலையில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள், காலையில் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் ஆறு ஏறுகிறது. கரைக்குக் கீழே மணலில் கூடாரம் இருந்தால் அப்போதே மேலே மாற்றுங்கள்.

கூடாரத்தை எங்கே போடுவது? நிழலுக்கு மரத்தடி நல்லதுதானே?

ரெட் கம் மரத்தடியில் கூடாது. ரெட் கம் மரம் எச்சரிக்கையே இல்லாமல் பெரிய கிளையை உதிர்க்கும். காற்றே இல்லாத வெயில் நாளிலும் இது நடக்கும். மனித இடுப்பளவு தடிமனான கிளைகூட விழும். ஆண்டுதோறும் முகாம்காரர்களுக்குப் பூங்கா ஊழியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை இது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது நிமிர்ந்து பாருங்கள். பட்டுப்போன கிளை, விரிசல், மேலே சிக்கித் தொங்கும் கட்டை தெரிந்தால் வேறு இடம் தேடுங்கள். தரையில் புதிதாக விழுந்த கிளை கிடந்தால், அந்த மரம் இன்னொன்றையும் போடலாம். பச்சையாக நன்றாகத் தெரிகிற கிளையும் விழும் என்பதால், கிளைப்பரப்புக்கு வெளியே இருப்பதுதான் ஒரே பாதுகாப்பு. நிழலுக்குத் தார்ப்பாய் கொண்டுபோங்கள். காரையும் நாற்காலிகளையும்கூட மரத்தடியில் வைக்காதீர்கள். பகலில் உட்கார்ந்திருக்கும்போதும் கிளை விழும்.

கரை விளிம்புக்கும் ஒட்டிப் போகாதீர்கள். அடியில் தண்ணீர் அரித்திருக்கும், மேலே தரை உறுதியாகத் தெரியும். கரையோரம் நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்த மண் சரியக் காத்திருக்கிறது.

ஆற்றில் நீந்தலாமா?

நீந்தலாம், ஆனால் நீச்சல் குளத்தில் கற்ற நீச்சலை நம்பி இறங்கக் கூடாது. ராயல் லைஃப் சேவிங் அமைப்பு வெளியிடும் ஆற்று மூழ்கல் பட்டியலில் மரேதான் முன்னால் நிற்கிறது. தண்ணீர் பழுப்பு நிறம். ஒரு முழத்துக்குக் கீழே கை தெரியாது. அதற்கடியில் நூறாண்டுகளாக விழுந்த மரங்கள் கிடக்கின்றன.

ஆறு வளையும் இடத்தில் உட்புறம் மணல் படியும், ஆழம் குறைவு, ஓட்டம் மெதுவாக இருக்கும். வெளிப்புறம் ஆழம், வேகம், அரித்த கரை. எப்போதும் உட்புற மணல்திட்டில்தான் இறங்க வேண்டும். ஒருவர் முதலில் மெதுவாக நடந்து, காலால் துழாவி ஆழம் பார்க்கட்டும். மணல்திட்டின் ஓரம் திடீரென்று செங்குத்தாக முடியும். முழங்கால் அளவு தண்ணீரிலிருந்து அடுத்த அடி கழுத்தளவுக்குப் போகும். பிள்ளைகள் சிக்குவது பெரும்பாலும் இந்த விளிம்பில்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டுப் பார்ப்பது போதாது. பெரியவர்கள் பலர் இருக்கும்போது "யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்" என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆகவே காவல் இருப்பவர் இன்னார் என்று பெயர் சொல்லி, அரை மணிக்கொருமுறை மாற்றுங்கள். அந்த நேரத்தில் அவர் கையில் கைப்பேசியும் வேண்டாம், பியரும் வேண்டாம்.

தலைகீழாகக் குதிக்கவே கூடாது. நேற்றுக் குதித்த இடத்தில் இன்று ஒரு கட்டை வந்து நிற்கலாம், மட்டமும் அரை மீட்டர் இறங்கியிருக்கலாம். மரத்தில் கட்டியிருக்கும் ஊஞ்சல் கயிற்றையும் விட்டுவிடுங்கள். காற்றடைத்த டயர், மிதவை மெத்தையெல்லாம் ஓட்டத்தில் போனால் நீந்திப் பிடிக்க முடியாது.

ஓட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கைகளால் துடுப்புப் போட்டுச் சாய்வாகக் கரைக்கு நகருங்கள். எதிரே மரக்கிளைக் குவியல் வந்துவிட்டால் மட்டும் கவிழ்ந்து, தலை முன்னால் வர, வேகமாக நீந்தி அதன் மேலே ஏறுங்கள். அடியில் புகுந்து போகலாம் என்று நினைத்தால் கிளைகளுக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

தண்ணீர் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் இருக்கிறது. பரவாயில்லையா?

இறங்காதீர்கள். அது நீலப்பச்சைப் பாசி. தோலில் அரிப்பு, வயிற்றுப்போக்கு, வாந்தி வரும். நாய் குடித்தால் செத்தும் போகலாம். கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது, ஆகவே சமைக்கவோ பாத்திரம் கழுவவோ அந்தத் தண்ணீர் ஆகாது.

கயாக்கில் (ஒடுங்கிய துடுப்புப் படகில்) எவ்வளவு தூரம் போகலாம்?

பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு நாளில் 12 முதல் 15 கிலோமீட்டர் போதும். ஓட்டத்தோடு போனால் இடையில் சாப்பாட்டுக்கு நின்று நாலைந்து மணி நேரம் ஆகும். ஒரு காரை இறங்குமிடத்தில் நிறுத்திவிட்டு, இன்னொரு காரில் மேலே போய் ஏறுங்கள். ஒரே கார் என்றால் முதலில் ஓட்டத்தை எதிர்த்து ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டு, பிறகு திரும்பி வாருங்கள். களைப்பு வருகிற நேரத்தில் ஆறு உங்களைச் சுமந்து கொண்டுவரும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மாலையில் திணறுகிறார்கள்.

இறங்குமிடத்தில் ஆற்றிலிருந்து தெரியும்படி பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டி வையுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போது எல்லாக் கரையும் ஒன்றுபோலவே இருக்கும். முகாமைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரத் தெரியாமல் நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டை ஆளுக்கொன்று போட்டு, கொக்கியை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு. விசில், 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, நீர் புகாத பையில் கைப்பேசியும் மாற்றுடையும். விழுந்த மரத்தின் மேல் கயாக் பக்கவாட்டில் மோதினால் உடம்பை மரத்தின் பக்கம் சாயுங்கள். பயத்தில் எல்லோரும் எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அப்போது மேற்பக்கத்திலிருந்து ஓடிவரும் தண்ணீர் கயாக்கின் விளிம்பைத் தாண்டி உள்ளே புகுந்து, ஒரு நொடியில் கவிழ்த்துவிடும். பார்மா சோக் பகுதியில் ஆறு குறுகலாகவும் வேகமாகவும் ஓடும். புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். காற்றில்லாத காலையில் பார்மா ஏரி நல்ல பள்ளிக்கூடம்.

இந்த ஆற்றில் நீண்ட தூரம் போகும் ஆசை வந்துவிட்டால், நவம்பரில் யாராவொங்காவிலிருந்து ஸ்வான் ஹில் வரை ஐந்து நாளில் 404 கிலோமீட்டர் துடுப்புப் போடும் 'மாசிவ் மரே பாடில்' இருக்கிறது.

விக்டோரியாவில்தான் இருக்கிறோம். மீன்பிடிக்க விக்டோரிய உரிமம் போதுமா?

போதாது. பலரும் அபராதம் கட்டுவது இதில்தான். மாநில எல்லை ஆற்றின் நடுவில் ஓடவில்லை, தென்கரையின் மேல் விளிம்பில் ஓடுகிறது. 1980-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே தண்ணீர் முழுவதும் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது. அந்த மாநிலத்தின் மீன்பிடி உரிமம் வேண்டும். 3 நாள், 1 மாதம், 1 ஆண்டு, 3 ஆண்டு என்று இணையத்திலேயே வாங்கலாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம். காட்டுக்குள் இருக்கும் ஓடைகளும் ஏரிகளும் விக்டோரியாவுடையவை, அங்கே போட்டால் விக்டோரிய உரிமம்.

என்ன மீன் கிடைக்கும்? எப்படிப் பிடிப்பது?

எளிதில் கிடைப்பது கெண்டை இனமான கார்ப். வெளியிலிருந்து வந்து ஆற்றைக் கெடுத்த மீன். அடிமண்ணைக் கிளறிக் கலக்கும், தண்ணீர்ச் செடிகளைப் பிடுங்கிப் போடும். பிடித்ததை மீண்டும் ஆற்றில் விடாதீர்கள், தலையில் ஓங்கி ஒரே அடியில் கொன்றுவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பழக்க இதுவே நல்ல மீன்: 4 முதல் 6 அளவுத் தூண்டில் முள், 4 கிலோ தாங்கும் நரம்பு, டப்பாவில் வரும் இனிப்புச் சோளத்தில் இரண்டு மணி அல்லது மண்புழு. பத்து நிமிடத்துக்கொருமுறை ஒரு பிடி சோளத்தை அதே இடத்தில் வீசுங்கள். சாப்பிட நினைத்தால் தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை வெட்டி எறியுங்கள். மண்வாசனை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். முள் அதிகம் என்பதால் குழம்பைவிட, நெருக்கமாகக் கீறி மொறுமொறுவென்று பொரிப்பதே சரி.

யெல்லோபெல்லி என்று சொல்லும் கோல்டன் பெர்ச் 30 செ.மீ-க்குக் குறையக் கூடாது, நாளுக்கு 5 வரை. மூழ்கிய மரங்களுக்கு அருகே பெரிய மண்புழுவை இறக்கினால் வரும். ஈயக்குண்டை மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டுங்கள். கட்டையில் சிக்கினால் குண்டு மட்டும் போகும், மீனும் முள்ளும் தப்பும்.

மரே காட் இந்த ஆற்றின் அரசன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை முட்டையிடும் காலம், அப்போது அதைக் குறிவைப்பதே குற்றம், பிடித்து விட்டுவிடுவதும் சேர்த்து. மற்ற மாதங்களில் 55 முதல் 75 செ.மீ வரை உள்ளதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். பெரிய மீன்தான் முட்டைக்களஞ்சியம், அதனால்தான் மேல்வரம்பும் இருக்கிறது. கையை நனைத்துப் பிடியுங்கள், வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துப் படுக்கைவசமாகத் தூக்குங்கள். படத்துக்காகத் தாடையில் தொங்கவிட்டால் அதன் கனமே கழுத்தெலும்பை முறித்துவிடும். இதேபோல் இருக்கும் டிரவுட் காட் பாதுகாக்கப்பட்ட மீன். அதன் மேல்தாடை கீழ்த்தாடையைவிட நீண்டிருக்கும், கண் வழியாக ஒரு கருங்கோடு போகும். சந்தேகம் வந்தால் உடனே விட்டுவிடுங்கள்.

யாபி பிடிக்கக் கூண்டு வைக்கலாமா?

யாபி என்பது நன்னீர்ச் சிங்கி இறால். மேல்பக்கம் திறந்த வளைய வலையால் பிடிக்கலாம். 'ஓப்பரா ஹவுஸ்' எனப்படும் மூடிய கூண்டு விக்டோரியாவில் 2019 ஜூலையிலிருந்தும் நியூ சவுத் வேல்ஸில் 2021-இலிருந்தும் தடை. பிளாட்டிபஸும் ஆமையும் ரக்காலி என்னும் நீரெலியும் உள்ளே புகுந்து, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் செத்ததால் வந்த தடை. பழைய கூண்டு கொட்டகையில் கிடந்தால் உடைத்துப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். வாலுக்கடியில் முட்டை இருந்தால் யாபியைத் தண்ணீரில் விட வேண்டும்.

நெருப்பு மூட்டும் முறை என்ன?

முதலில் அனுமதி உண்டா என்று பாருங்கள். முழு நெருப்புத் தடை நாளில் எந்த நெருப்பும் கூடாது. அன்றைக்கு ரொட்டி, தயிர்ச்சோறு, பழம் என்று அடுப்பே தேவைப்படாத சாப்பாடாக இருக்கட்டும். தடை நாள் இல்லாவிட்டாலும் ஆற்றோரப் பூங்காக்கள் சிலவற்றில் கோடை முழுவதும் விறகு நெருப்புக்கு அனுமதி இல்லை. விக் எமர்ஜென்சி செயலியில் மாவட்டத்தின் பெயரைப் போட்டால் தெரியும்.

அனுமதி இருந்தால், கட்டிவைத்த நெருப்புக்குழியைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் 30 செ.மீ ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். சுற்றிலும் மேலேயும் 3 மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. நெருப்பின் பரப்பு 1 சதுர மீட்டருக்குள், கட்டைகள் 1 மீட்டருக்குள். பொறுப்பான ஒருவர் கண்ணுக்குத் தெரியும்படி 50 மீட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும், பக்கத்தில் 10 லிட்டர் தண்ணீரும். விறகை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். தரையில் கிடக்கும் பொந்துக்கட்டை பல்லிக்கும் பாம்புக்கும் சிறு விலங்குக்கும் வீடு.

சமையலுக்குச் சுவாலை வேண்டாம், தணல் வேண்டும். ரெட் கம் விறகு தணலாகச் சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் நாலரைக்கே மூட்டுங்கள். வார்ப்பிரும்புச் சட்டியில் சோறு வைத்தால் அடியில் கொஞ்சமாகவும் மூடிமேல் அதிகமாகவும் தணல் போடுங்கள். அடியில் குவித்தால் கீழே கருகி மேலே அரிசியாகவே இருக்கும்.

அணைக்கும்போது மண் போட்டு மூடாதீர்கள். மண்ணுக்கடியில் தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். மறுநாள் வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதை மிதித்தால் கால் வெந்துபோகும். வேரைப் பற்றி மரத்துக்கும் போகும். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மீண்டும் ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

கழிப்பறை, குடிதண்ணீர்?

முக்கிய முகாம்களில் மட்டும்தான் கழிப்பறை இருக்கும். இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்தும் கூடாரங்களிலிருந்தும் 100 மீட்டர் தள்ளி, குறைந்தது 15 செ.மீ ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். ஈரத் துடைப்புத்தாள் (வெட் வைப்ஸ்) மக்காது, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் கணக்கு, கோடையில் 7. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கஞ்சித் தண்ணீரையும் ஆற்றில் ஊற்றாமல் கரையிலிருந்து தள்ளிப் பரவலாக ஊற்றுங்கள்.

கொசுவால் நோய் வருமா?

வரும். பார்மா காட்டின் பெயரிலேயே ஒரு வைரஸ் இருக்கிறது. 1974-இல் இந்தக் காட்டுக் கொசுக்களிலிருந்துதான் அது பிரித்தெடுக்கப்பட்டது. ராஸ் ரிவர் வைரஸும் இங்கே உண்டு. இரண்டுமே காய்ச்சல், தடிப்பு, வாரக்கணக்கில் மூட்டுவலி கொடுக்கும். மூளையைத் தாக்கும் மரே வேலி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல்கள் அரிதானவை, ஆனால் உயிருக்கு ஆபத்தானவை. டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசுவிரட்டி மருந்தைப் பூசி, அந்தி சாயும் முன்பே நீளக்கையும் முழுக்காற்சட்டையும் போட்டுவிடுங்கள். ஊதுபத்திச் சுருள் மட்டும் போதாது. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஆற்றோரம் தங்கியதைச் சொல்லுங்கள்.

விலங்கு, பறவை எங்கே பார்க்கலாம்?

பார்மாவின் கிழக்குக் கோடியில், ஸ்ட்ராத்மெர்ட்டனுக்கு அருகே உள்ள உலுப்னா தீவில் கோவாலாக்கள் உண்டு. கிளை பிரியும் கவட்டையில் சாம்பல்நிறப் பந்தாகத் தேடுங்கள். விக்டோரியாவில் சூப்பர்ப் கிளி கூடு கட்டுவது இந்தக் காட்டில்தான். பச்சை உடம்பு, ஆணுக்கு மஞ்சள் முகம், தொண்டையில் சிவப்புப் பட்டை. பொழுது விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். பட்டை உரித்த நீண்ட தழும்போடு நிற்கும் பழைய ரெட் கம் கண்ணில் பட்டால், அது இந்தக் காட்டின் பூர்வகுடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்கள் ஓடமோ கேடயமோ செய்யப் பட்டை எடுத்த மரம். இது அவர்களுடைய நாடு. சாயவோ, ஆணி அடிக்கவோ, கயிறு கட்டவோ கூடாது.

பாம்பு கடித்தால்?

இங்கே பழுப்புப் பாம்பும் டைகர் பாம்பும் உண்டு. கடிவாயைக் கழுவாதீர்கள், கீறாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள். கடிபட்டவரை அப்படியே படுக்க வையுங்கள், ஓரடி நடந்தாலும் நஞ்சு பரவும். 10 முதல் 15 செ.மீ அகலமுள்ள இழுவைப் பட்டியை (எலாஸ்டிக் பேண்டேஜை) கடித்த இடத்தின் மேல் சுற்றி, இன்னொன்றை விரல் நுனியிலிருந்து தொடங்கி அந்தக் கை அல்லது கால் முழுவதும் மேல்நோக்கிச் சுற்றுங்கள். சுளுக்குக்குச் சுற்றும் அளவு இறுக்கம். பிறகு ஒரு தடியை வைத்துக் கட்டி அசையாமல் செய்யுங்கள். கடித்த இடத்தைப் பட்டியின் மேல் பேனாவால் குறித்துவிடுங்கள். ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் இல்லாவிட்டாலும் காரில் மூன்று பட்டியாவது இருக்கட்டும்.

அவசர உதவிக்கு 000 எண்ணை அழையுங்கள். காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. வந்தவுடனே எங்கே கிடைக்கிறது என்று பார்த்து வையுங்கள். 'எமர்ஜென்சி பிளஸ்' செயலி நீங்கள் நிற்கும் இடத்தின் குறியீட்டைக் காட்டும், அதைப் படித்துச் சொன்னால் ஆம்புலன்ஸ் வழி தேடி அலையாது.

இரவில் மழை வந்துவிட்டது. விடியட்டும் என்று இருக்கலாமா?

பாதை கரிய களிமண். காய்ந்திருக்கும்போது சாதாரணக் காரே போகும், நல்ல மழை பெய்தால் நான்கு சக்கர வண்டியும் வழுக்கும். பெருமழை முன்னறிவிப்பு இருந்தால் முதல் துளிக்கு முன்பே கிளம்புங்கள். மாட்டிக்கொண்டால் டயரைச் சுழற்றிக் குழி பறிக்காமல், வெயில் வந்து மேல்மண் காயும்வரை அரை நாளோ ஒரு நாளோ முகாமிலேயே இருங்கள். அதற்காகத்தான் எந்தப் பயணத்திலும் ஒரு நாளுக்கான சாப்பாடும் தண்ணீரும் மருந்தும் கூடுதலாக வேண்டும்.